ஒரே ஆணியில் இரண்டு காலண்டர்

பொங்கல் கழிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். செட்டியார் கடையில் பெருங்காயம் வாங்க நின்றுகொண்டிருந்தேன். யுத்தம் முடிந்து ரேஷன் மட்டும் முடியாமலிருந்த காலம் அது. கடையில் சாமானைவிட மண்ணெண்ணெய் வாசனைதான் அதிகம் இருக்கும்.

எனக்கு முன்னால் ஓர் அம்மாள் மஞ்சள் வாங்கிக்கொண்டிருந்தாள். பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

"ஏன் செட்டியாரே, நல்ல மாசம் பொறந்துட்டுதா?" என்றாள்.

செட்டியார் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "யாருக்கு?" என்றார்.

"யாருக்குன்னா? எல்லாருக்குந்தான்."

"அதெப்படி எல்லாருக்கும் ஒரே நாள்ல பொறக்கும்? நீங்க இன்னா பேசறவங்க?"

"நாங்க தமிழு. மாப்பிள்ள ஊட்டுல தெலுங்கு."

"அப்போ உனக்குப் பொறந்துட்டுது. சம்பந்திக்குத் தை அமாவாசை போவணும்."

சொல்லிவிட்டுத் தலைக்கு மேலே கையை நீட்டினார். சுவரில் ஓர் ஆணி. அதில் முன்னால் தமிழ்த் தினசரிக் காலண்டர். அதைச் சற்றே தூக்கினார். பின்னால், அதே ஆணியில், ஒரு கயிற்றில் தெலுங்குப் பஞ்சாங்கம் தொங்கிற்று. அதைக் காட்டிவிட்டுக் காலண்டரை மறுபடி அதன்மேல் விட்டார்.

தூக்கிய அந்த ஒரு கணம் போதும். ஏழு மாதமாக நாங்கள் ஏன் வீடு வாங்காமலேயே இருக்கிறோம் என்பது எனக்கு விளங்கிவிட்டது. பெருங்காயத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

நைனா, அதாவது என் அப்பா, இதைப் படித்துவிட்டு, "பெருங்காயம் இல்ல, ஓமம்" என்கிறார். இந்தத் தொடர் ஆரம்பித்த வாரத்திலிருந்து அவருக்கு இதே வேலை. அரக்கோணத்தில் ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவர். வந்த சரக்கும் சீட்டில் எழுதிய சரக்கும் ஒத்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். ஓமமாகவே இருக்கட்டும். வாங்காமல் ஓடியது உண்மை.

எருமைக்கு ஒரு வீடு

வீட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எருமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அம்மாவுக்கு வீடு வேண்டியதில்லை. எருமைதான் வேண்டும். எருமையை வைத்துக்கொள்ள ஒரு வீடு தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அம்மா எருமைகளோடு வளர்ந்தவள். கல்யாணமான பிறகு நைனாவை ரயில்வே எந்தெந்த ஊருக்குத் தூக்கிப் போட்டதோ அங்கெல்லாம் வாடகை வீடு. ரேணிகுண்டாவில் ஒரு வீடு, காட்பாடியில் ஒன்று, இங்கே திருத்தணியில் ஒன்று. எல்லா வீட்டுக்காரர்களும் முதலில் சொல்வது ஒன்றே: மாடு கட்டக் கூடாது. திருத்தணி வீட்டுக்கார அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போய், மாடு என்ற வார்த்தையைக்கூட வாசலுக்கு வெளியே வைத்துப் பேசச் சொன்னாள்.

ஆகவே அம்மா இத்தனை வருஷமும் பால்காரனிடம் பால் வாங்கினாள். தினம் காலையில் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பாள். பால் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். "தண்ணிக்குக் காசு குடுத்துகினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.  அன்றைக்குக் காப்பி கொஞ்சம் கசப்பாக இருக்கும்.

பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் என் மாமா, அம்மாவின் தம்பி, பயிர் வைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஓர் எருமைக் கிடேரி, இன்னும் கன்று போடாதது. "இது உன் பேருக்கு உட்டிருக்கேன்க்கா. ஊடு வாங்கினதும் ஓட்டிகினு போ" என்று ஒரு பொங்கலுக்குச் சொன்னார். சும்மா மரியாதைக்குச் சொன்னாரோ என்னவோ. அம்மா அதைச் சாசனமாக எடுத்துக்கொண்டாள். அன்று முதல் அந்தக் கிடேரி எங்கள் கிடேரி. நான் மட்டும் அதை இன்னும் பார்த்ததில்லை.

நான் அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்திருந்தேன். தினம் ரயிலில் அரக்கோணம் போய், வெள்ளைக்காரப் பாதிரிமார் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். படிப்பு முடிந்தது, மேலே என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கோ சும்மா இருக்கத் தெரியவில்லை. வீடு வாங்கும் காரியத்தை நானே நடத்தித் தருகிறேன் என்று மார்தட்டினேன். யாரும் கேட்கவில்லை. யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை.

நாயுடுவின் கொட்டகை

மலையடிவாரத்துக்கும் பஜாருக்கும் நடுவில் ஒரு தெருவில் வீடு கிடைத்தது. சொந்தக்காரர் முனிரத்தினம் நாயுடு. ஜவுளிக்கடை வைத்திருந்து, வயதானதும் அதை விற்றுவிட்டவர். மனைவி இல்லை. பிள்ளைகள் நகரியில் குடியேறிவிட்டார்கள். "நைனா, இங்கே வந்துடு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நகரி தூரமொன்றும் இல்லை. எங்கள் ஊரில் வடக்கே போகும் வண்டி ஏறினால் சில ஸ்டேஷன் தாண்டி இறங்க வேண்டியதுதான். அவர் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்று வண்டியிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

வீடு பார்க்கப் போன அன்று நைனா கூடத்தில் நின்று ஓடுகளை அண்ணாந்து பார்த்தார். நான் ஜன்னல்களைத் திறந்து திறந்து மூடினேன். அம்மாவைக் காணோம். கூடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே பின்கட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

அங்கே ஒரு கிணறு. பக்கத்தில் ஒரு கொட்டகை, கல் தொட்டி, சுவரில் இரும்பு வளையம். அம்மா அந்த வளையத்தைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எருமை இழுக்கிற மாதிரி. அது அசையவில்லை.

"ஊடு நல்லாருக்கு" என்றாள். அவள் பார்த்த வீடு அதுதான்.

நாயுடு பேரம் பேசத் தெரியாதவர் இல்லை, பேசப் பிடிக்காதவர். வெற்றிலை பாக்கு மாறியது. அது ஆனி மாதம். "ஆஷாடம் பொறக்கப் போவுது. அது போவட்டும், பத்திரம் வெச்சுக்கலாம்" என்றார்.

"ஆங், நாங்களும் ஆடியில எதுவும் செய்யறதில்லீங்க. போவட்டும்" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். இப்படி ஒரு நல்ல மனுஷர், இப்படி ஒரு நல்ல குடும்பம் என்று இரு தரப்பும் மெச்சிக்கொண்டு பிரிந்தோம். அந்தத் தலையாட்டலில்தான் எல்லாமே கெட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் ஊர் இருக்கிற சீமையில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்குத் தெரியும். அப்பாவை நைனா என்று கூப்பிடுவது வரைக்கும் கலந்துவிட்டோம். கலக்காதது மாசம் ஒன்றுதான். தமிழ் மாதம் சூரியனைப் பார்த்துப் பிறக்கும். தெலுங்கு மாதம் அமாவாசைக்கு அடுத்த நாள் பிறக்கும். அவர்களுடைய ஆஷாடம் எங்கள் ஆனியிலேயே ஆரம்பித்து ஆடி அமாவாசையோடு முடிந்துவிடும். எங்களுக்கு அப்போது பாதி ஆடி பாக்கி இருக்கும்.

இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

ஒரு மரியாதைக் கூத்து

காவடிக் கூட்டம் வந்து கலைந்து, ஊரே கழுவிவிட்டது போல இருந்த சமயம். ஆடி அமாவாசை முடிந்த மறுநாளே நாயுடு நகரியிலிருந்து வந்து இறங்கினார். பத்திர எழுத்தரிடம் சொல்லிவைத்துவிட்டு வீட்டில் வந்து உட்கார்ந்தார். நாங்கள் வருவோமென்று காத்திருந்தார்.

நாங்கள் போவோமா? ஆடி.

நைனா அவரை ஸ்டேஷன் வாசலில் பார்த்தேவிட்டார். பேச்சு எப்படி நடந்ததென்று பிற்பாடு நாங்கள் கேட்டுக் கேட்டுச் சிரித்திருக்கிறோம்.

"சௌக்கியமா, நாயுடுகாரு?"

"சௌக்கியம், கூட்ஸ் சார். மழ இல்ல."

"ஆமா, மழ இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நடக்குது."

ஆடி மாதத்தில் வீட்டுப் பேச்சை எடுப்பது நல்லதில்லை என்று நைனா வாயை மூடிக்கொண்டார். வாங்குகிறவர்தானே முதலில் கேட்க வேண்டும் என்று நாயுடு வாயை மூடிக்கொண்டார். இருவரும் மழை இல்லாததைப் பற்றி மேலும் கொஞ்ச நேரம் ஒத்துப்போனார்கள். ஒரு வாரம் போல உட்கார்ந்து பார்த்துவிட்டு, இவர்களுக்கு மனசு மாறிவிட்டது என்று முடிவுகட்டி, நாயுடு கதவைப் பூட்டிக்கொண்டு நகரிக்கு வண்டி ஏறிவிட்டார்.

ஆவணி பிறந்ததும் அம்மா தலைக்குக் குளித்து, தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு போனாள். கதவில் ஒரு பெரிய பூட்டு.

"பாத்தியா, இந்த ஆளு வெல ஏத்தப் பாக்கறான்" என்றாள். அதே நேரத்தில் நகரியில் நாயுடு தம் மருமகளிடம், "அந்தக் கூட்ஸ்காரரு வெல கொறைக்கப் பாக்கறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நைனா நகரிக்குப் போய்ச் சமாதானம் பேசித் திரும்புவதற்குள் தெலுங்கில் பாத்ரபதம் வந்துவிட்டது. அது அவர்களுக்குச் சூனிய மாதம். அது முடிகிற சமயத்தில் எங்களுக்குப் புரட்டாசி. ஐப்பசியில் இரண்டு பக்கமும் திறந்திருந்தது, ஆனால் நாயுடுவின் பங்காளி ஒருத்தர் போய்விட்டார். தீட்டு. கார்த்திகையில் இன்னொரு பங்காளி வீட்டில் குழந்தை பிறந்தது. அதற்கும் தீட்டு. சாகவும் பிறக்கவும் இத்தனை பேர் இருக்கிற குடும்பத்தில் வீடு வாங்கலாமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்புறம் மார்கழி. துரைமார்களின் வருஷப் பிறப்புக்கு எங்கள் ஊரில் ஜனங்கள் மலைப்படி ஒவ்வொன்றிலும் சூடம் ஏற்றிப் பாடிக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் அம்மாவும் போனாள். ஒவ்வொரு படிக்கும் ஒரே வேண்டுதல்தான் என்று இறங்கி வந்து சொன்னாள்.

தை பிறந்தது. அம்மா மறுபடி தட்டு எடுத்தாள். அப்போது ஊரில் இருந்த நாயுடு வாசலிலேயே கையைக் கூப்பினார். "இன்னும் எங்க புஷ்ய மாசம் போவலியேம்மா."

அம்மா தட்டோடு திரும்பி வந்து, பழத்தை எங்களுக்கு உரித்துக் கொடுத்தாள். "ஊடு வாங்கற பழம். தின்னுங்க. வருஷம் பூரா தின்னலாம்" என்றாள்.

அந்தக் கிடேரி இருக்கிறதே, அது எந்தப் பஞ்சாங்கமும் பார்க்கவில்லை. நாங்கள் வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முன்னாலேயே, வைகாசியில், அது சினைப்பட்டுவிட்டது. அது பாட்டுக்குத் தன் காரியத்தை நடத்திக்கொண்டு போனது. தையில் மாமாவிடமிருந்து ஆள் வந்து சொன்னான்: பங்குனியில் கன்று போட்டுவிடும். வைக்கோல் இல்லை, பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. பள்ளிப்பட்டு ஆள் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், சித்திரைக்குள் ஓட்டிக்கொண்டு போகாவிட்டால் அவருக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அம்மா அன்று பாலைச் சாய்த்துப் பார்க்கவே இல்லை.

சிவப்பு முனை, நீல முனை

இந்த நிலைமையில்தான் நான் செட்டியார் கடைக்குப் போனேன். ஓடி வந்து அம்மாவிடம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்.

"நாயுடு ஏமாத்தலம்மா. அவருக்கு நல்ல மாசம் வரும்போது நமக்குக் கெட்ட மாசம். நமக்கு நல்லதுன்னா அவருக்குக் கெட்டது. ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பார்த்தா எங்கியாவது ஒரு நாள் ஒத்துப்போகும்."

"ஒத்துப்போகலன்னா?"

"போகும்."

"உனக்கு இன்னா, சொல்லிட்டுப் போயிடுவ" என்றாள். ஆனாலும் அடுப்பை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நைனாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். கூட்ஸ் ஆபீஸில் கொடுப்பது. அதை வாங்கிக்கொண்டேன். ஒரு பெரிய தாளில் வரப்போகும் மாதங்களைக் கட்டம் கட்டினேன். அம்மாவுக்கு ஆகாத நாளுக்குச் சிவப்பு, நாயுடுவுக்கு ஆகாத நாளுக்கு நீலம்.

அம்மா சொல்லச் சொல்லச் சிவப்பு ஓடியது. அஷ்டமி, நவமி, கரிநாள், செவ்வாய், சனி. நைனாவுக்குச் சந்திராஷ்டமம். அப்புறம் பங்குனி முழுக்க.

"பங்குனி முழுக்கவாம்மா?"

"பங்குனியில ஊட்டுக் காரியம் செஞ்சு உங்க சித்தப்பா பட்டது போதாதா?" சித்தப்பா என்ன பட்டார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. சிவப்பு அடித்தேன்.

மறு ஞாயிற்றுக்கிழமை நைனாவை இழுத்துக்கொண்டு நகரிக்குப் போனேன். நாயுடுவுக்கு ஒரே சந்தோஷம். அவருடைய பஞ்சாங்கத்தை இவ்வளவு அக்கறையாக யாரும் விசாரித்ததில்லை போலிருக்கிறது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் கேட்டதற்கு மேலேயே சொன்னார்.

"ராசுக்கோ அம்மாயி, எழுதிக்கோ பொண்ணே. இப்போ சுக்கிர மௌட்யம் நடக்குது. சுக்கிரன் சூரியன்கிட்ட போயி மறைஞ்சுகினு இருக்கான். அவன் வெளிய வர்ற வரைக்கும் நாங்க ஒரு செங்கல்லக்கூட நகத்த மாட்டோம்."

"எப்போ வெளிய வருவான்?"

"பங்குனி பொறக்கறப்போ."

அவன் வெளியே வரும்போது அம்மாவின் பங்குனி உள்ளே வருகிறது. நீல முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, தையில் மிச்சமிருந்ததையும் மாசி முழுவதையும் அடித்தேன். நைனா எட்டிப் பார்த்து, "தாளுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கே" என்றார்.

வண்டியில் திரும்பும்போது மடியில் விரித்து வைத்துத் தேடினேன். பொன்பாடி ஸ்டேஷன் தாண்டும்போது கண்டுபிடித்தேன். சித்திரை பிறந்த முதல் வாரத்தில், சிவப்பும் படாமல் நீலமும் படாமல், ஒரே ஒரு வெள்ளைக் கட்டம். வெள்ளிக்கிழமை. திருதியை. அனுஷ நட்சத்திரம். ரயில் பெட்டியிலேயே எழுந்து நின்றுவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஸ்டேஷன் வந்துவிட்டதென்று மூட்டையை இறக்கினார்.

அம்மா அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

நாயுடுவுக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது கேட்டார். "வெள்ளிக்கெழமையாச்சே. அன்னைக்கு எங்க ஊட்டுலேர்ந்து மோர்கூட வெளிய தர மாட்டோம். ஊட்டையே எப்படித் தர்றது?"

"நீங்க எதுவும் தரலீங்க. பணம் வாங்கறீங்க. வெள்ளிக்கிழமை லட்சுமி உள்ள வர்றா. வேணாம்னு சொல்லுவீங்களா?" என்றேன்.

நாயுடு நைனாவைப் பார்த்தார். "கூட்ஸ் சார், இந்தப் பொண்ண வக்கீலுக்குப் படிக்க வைங்க" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

நல்ல வெள்ளிக்கிழமை

அந்த நாள் வந்தது. விடியற்காலையில் அம்மா எழுப்பினாள். புடவையில் புதுக் கஞ்சியின் மொடமொடப்பு.

ரிஜிஸ்தர் ஆபீசுக்கு முன்னால் ஒரு வேப்பமரம். நாங்கள் போனபோது நாயுடு பட்டு அங்கவஸ்திரத்தோடு அதன் கீழே நின்றுகொண்டிருந்தார். பத்திரம் தெலுங்கில் எழுதித் தயாராக இருந்தது. எங்கள் தாலுகா அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்ததால் பத்திரமெல்லாம் தெலுங்குதான். ராகுகாலத்துக்கு முன்னால் கையெழுத்து ஆகிவிட வேண்டுமென்று இரண்டு தரப்பும் ஒருமனதாக இருந்தது. அதில் மட்டும் எங்களுக்குள் பேதமே இல்லை.

கொஞ்ச நேரத்தில் தெருக்கோடியில் மாமா. தோளில் துண்டு, கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் எருமை. பின்னால் ஒரு கட்டை வண்டியில் வைக்கோல்மேல் கன்று. நாள் குறித்துவிட்டோமென்று அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். அவர் வழியில் தங்கித் தங்கி, கன்றோடு மெல்ல ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பெண்ணைப் புருஷன் வீட்டில் விட வந்தவர் மாதிரி முகம். கன்று போட்டதிலிருந்து அவர் வீட்டில்தானே பால்.

அம்மா போய் எருமையின் நெற்றியில் கை வைத்தாள். அது மூச்சு விட்டது. "வந்துட்டியா" என்றாள். அவ்வளவுதான்.

நான்தான் முதலில் கவனித்தேன். ஆபீஸ் கதவு திறக்கவில்லை. ஓரமாக ஒரு பியூன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எப்போ தொறப்பாங்க?"

"இன்னிக்கி ஏதும்மா? லீவாச்சே."

"என்ன லீவு?"

"குட் ப்ரைடே."

நாயுடு நைனாவிடம், "அப்படின்னா?" என்று கேட்டார்.

நைனா தொண்டையைச் செருமினார். "நல்ல வெள்ளிக்கிழமைன்னு அர்த்தம்."

"அதத்தானே நாமளும் சொன்னோம்" என்றார் நாயுடு.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எருமையும் பார்த்தது போலத்தான் இருந்தது. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்த ஒவ்வொரு வருஷமும் இந்த லீவுக்காகக் குதித்தவள் நான். இரண்டு காலண்டரைத் தூக்கிப் பார்த்தவளுக்கு, இரண்டுக்கும் பின்னால் சர்க்கார் காலண்டர் ஒன்று இருப்பது தோன்றவில்லை. கூட்ஸ் ஆபீசுக்கு லீவே கிடையாது, அதனால் நைனாவுக்கும் தெரியவில்லை. அதை அவர் இரண்டு தரம் சொன்னார்.

மாமா மெதுவாக, "திரும்பி நடக்காதுக்கா. கன்னு பொடிசு. வெயிலு வேற" என்றார்.  அம்மா கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கித் தன் கையில் சுற்றிக்கொண்டாள். வாடகை வீட்டுக்கு அதைக் கொண்டுபோக முடியாது. மாமாவும் கொண்டுபோக மாட்டார். பள்ளிப்பட்டு ஆள் காத்திருக்கிறார். இதெல்லாம் அந்தக் கயிற்றைச் சுற்றுகிற கையில் தெரிந்தது.  

நாயுடு அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். அப்புறம் எருமையைப் பார்த்தார்.

"முகூர்த்தம் இன்னும் போவலம்மா. நல்ல வேளைய வீணாக்கக் கூடாது. ஓட்டிகினு வாங்க, நம்ம கொட்டாயில கட்டலாம்."

"இன்னும் எங்க ஊடு ஆகலீங்களே" என்றாள் அம்மா.

"எருமைக்குப் பத்திரம் படிக்கத் தெரியுமா?"

"மொதல்ல பசுமாடுதானே உள்ள போவணும்?"

"அது உங்க கிரகப்பிரவேசத்துக்கு. இன்னிக்கி என் ஊட்டுக்கு விருந்தாளி வருது. வெள்ளிக்கெழமை நான் ஒண்ணும் வெளிய குடுக்கல பாருங்க. உள்ளதான் வாங்கறேன்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏமம்மா வக்கீலு, சரிதானே?"

இப்படியாக, வேஷ்டி, பட்டு அங்கவஸ்திரம், கஞ்சி போட்ட புடவை எல்லாம் எருமைக்குப் பின்னால் ஊர்வலமாகப் போயிற்று. ராகுகாலத்துக்கு முன்னால் அது அந்த இரும்பு வளையத்தில் கட்டப்பட்டது. இழுத்துப் பார்த்தது. வளையம் அசையவில்லை.

நாயுடுவின் காப்பி

அதோடு எல்லாம் சுபம் என்று நினைத்தால், நீங்களும் என் ஜாதிதான்.

அம்மா தினம் காலையும் சாயங்காலமும் நாயுடு வீட்டுக்குப் போய்ப் பால் கறந்தாள். கொட்டகை கொடுத்தவருக்கு ஒரு செம்புப் பால். நியாயம்தானே. நாயுடு இதுவரை கடைப் பாலில் தாமே காப்பி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தவர். முதல் நாள் காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். அடுத்த வாரம் நகரிக்குப் போக வேண்டியவர் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டது.

நான் சும்மா இருப்பேனா? சிவப்புக்கும் நீலத்துக்கும் கூடக் கறுப்புப் பென்சில் ஒன்றும் எடுத்துக்கொண்டு, சர்க்கார் லீவுகளையும் அடித்து, வைகாசியில் ஒரு நாளைக் கண்டுபிடித்துக்கொண்டு போனேன்.

"வைகாசியா? அமாவாசை போனா எங்களுக்கு ஜேஷ்டம். நான் தலைச்சன். ஜேஷ்டத்துல தலைச்சன் கையெழுத்துப் போடக் கூடாது" என்றார், மீசையில் நுரையோடு.

"அப்போ அமாவாசைக்கு முன்ன?"

"இன்னா அவசரம் அம்மாயி? ஊடு எங்க ஓடப்போவுது? எருமதான் இங்க இருக்கே."

ஜேஷ்டம் போனால் ஆஷாடம். ஆஷாடம் போனால் பாதி ஆடி. நாங்கள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துகொண்டிருந்தோம். மாமா ஒரு தரம் பால் ருசி கண்டு முகத்தைத் தொங்கப் போட்டார். இப்போது நாயுடு ருசி கண்டுவிட்டார்.

"பாலை நிறுத்திடலாம்மா" என்றேன். "ஒரு வாரம் கடைப் பால் குடிச்சா தானே கையெழுத்துப் போடுவார்."

அம்மா என்னை முறைத்தாள். "வெயில்ல நிக்க வெச்ச மாட்டுக்கு எடம் குடுத்த மனுசன். அவர் வாய்ல இருக்கறத புடுங்கச் சொல்றியா?"

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "ஆனா இப்படியே போனா அவர் செத்தாலும் இந்த ஊட்ட விட்டுப் போவ மாட்டாரு."

அப்போதுதான் எனக்கு அடுத்த யோசனை வந்தது. நாயுடுவை வீட்டிலிருந்து நகர்த்த முடியாது. பாலை நகர்த்தலாம்.

நைனா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "கூட்ஸ் கிளார்க் ஊட்டுப் பால் ரயில் கார்டு கையில ஓசியில போவாது. போனா புக் பண்ணித்தான் போவும்" என்றார். புக் பண்ணியே போகட்டும் என்றேன். நாயுடுவிடம் போய்ச் சொன்னேன்: நீங்கள் நகரியில் இருங்கள், தினம் காலை வண்டியில் பால் வந்து சேரும், வீட்டைக் கொடுத்தாலும் காப்பி போகாது.

நாயுடு யோசித்தார். சிரித்தார். "சித்திர வெயில்ல நகரி போறதுக்குள்ள திரிஞ்சிடும்."

"திரியாம வந்தா?"

"வந்தா என் மருமக அடுப்புல வெச்சுக் காய்ச்சிப் பாக்கட்டும். திரியாம பொங்கிச்சுன்னா, அமாவாசைக்கு முன்ன, நீ சொல்ற நாள்ல வந்து போடறேன் கையெழுத்து." ருசி பார்க்கத் தாமே போய்க் காத்திருப்பதாகச் சொல்லி, அன்றைக்கே நகரிக்கு வண்டி ஏறினார்.

சாயங்காலம் நாயுடு வீட்டுப் பின்கட்டில் அம்மா பித்தளைத் தூக்கைப் புளி போட்டுத் தேய்த்தாள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி அலசிக் கவிழ்த்தாள். சுற்றிக் கட்ட ஒரு கோணிச் சாக்கை நனைத்துக் கிணற்றடியில் போட்டாள். மூடியின் கீழே வைக்க நான் வாழையிலை நறுக்கினேன். வண்டி வருகிற நேரத்துக்கு எருமை சுரக்க வேண்டுமே என்று, கன்றைக் கொஞ்சம் முன்னதாகவே அவிழ்த்துவிடுவதாக அம்மா அதனிடமே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நைனா அங்கேயே பார்சல் சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு, கூட்ஸ் ஆபீஸ் கையெழுத்தில், நீல முனையால் நிதானமாக எழுதினார். அனுப்பும் ஸ்டேஷன், திருத்தணி. சேரும் ஸ்டேஷன், நகரி. சரக்கு, பால். சீக்கிரம் கெடக்கூடியது.

எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "சரக்கோட மதிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. இன்னா போடறது?"

கொட்டகையிலிருந்து அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஊடுன்னு போடுங்க" என்றாள்.